பாவாயியின் சட்டை

பதினோரு வருடம் ஒரு மூக்குக்காகக் காத்திருந்தவன் நான். கடைசியில் அந்த மூக்கு என்னை விட்டுவிட்டு, மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும் ஒருத்தியை முகர்ந்து பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. இந்தக் கதையில் எனக்கு நல்ல பெயர் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காங்கேயத்துக்குக் கிழக்கே, கிளுவை வேலி போட்ட நூறு ஏக்கர் மேய்ச்சல் காட்டில் எங்கள் ஆய்வு நிலையம் இருந்தது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் தவிர அங்கே வேறொன்றும் கிடையாது. அந்த வறட்சிக்காகத்தான் அந்த இடத்தையே பிடித்தோம். உள்ளே ஒரு பெரிய கூடத்தில் செயற்கைக் கருப்பை. அதைத் தொட்டி என்றுதான் சொல்வோம். தொட்டிக்குள் ஒரு கன்று வளர்ந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் ஆறு மாடுகள். பிறக்கப்போகும் கன்றுக்குச் சீம்பால் வேண்டும் என்று வாங்கிக் கட்டியிருந்தோம். அவற்றைப் பார்த்துக்கொண்டவள் பாவாயி. முப்பது வயது. புருஷன் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட சத்தீஸ்கர் பக்கம் போனவன், வருடத்துக்கு ஒருமுறை வருவான். அவனுடைய பழைய கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் எப்போதும் வேலை செய்வாள். ஒருநாள் பால் கொண்டு வந்தவள் திரையில் தெரிந்த கன்றைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க டாக்டருங்க, இது எந்த ஊரு மாடுங்க?"

"மாடில்ல பாவாயி. மக்ராக்கேனியான்னு பேரு. தென்னமெரிக்காவுல இந்த மாதிரி வறக்காட்டுல மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பூண்டோட அழிஞ்சு போச்சு. எலும்புல கெடைச்சதை வெச்சு, மீதிக்குக் குதிரையைப் பார்த்து எழுதி, ஒரு மாதிரி ஒப்பேத்தியிருக்கோம்."

"ஒட்டகமாட்டம் இருக்குதுங்க."

"கழுத்து மட்டும்தான். சொந்தம்னு பார்த்தா குதிரையும் காண்டாமிருகமும். காலுக்கு மூணு விரல். மூக்கு எங்க இருக்குன்னு பாரு."

உற்றுப் பார்த்தாள். "நெத்தீல இருக்குதுங்க! அப்ப சளி புடிச்சா என்னங்க பண்ணும்?"

பதினோரு வருடத்தில் எந்த மாநாட்டிலும் யாரும் கேட்காத கேள்வி. சிரித்து மழுப்பினேன்.

"இதுக்குத் தாயி யாருங்க?" என்றாள்.

"அதுதான் சிக்கலே. பொறந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள யார் வாசனை அந்த மூக்குல ஏறுதோ அவங்கதான் தாய். ஏறலேன்னா பால் குடிக்காது. வேற நாலு நாட்டுல நாலு கன்னு அப்படித்தான் பட்டினி கெடந்து செத்துச்சு."

"நம்மூர்ல யாருங்க?"

"நான்தான்," என்றேன்.

தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கொட்டகை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சிரிக்கிற விஷயமில்லை அது. ஐந்து மாதம் நான் சோப்புப் போடவில்லை. பவுடர் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. வியர்த்த பனியனைத் தினமும் ஒரு பெட்டியில் வைப்பேன். அந்தக் காற்றுதான் தொட்டி நீரில் கலக்கும். கருவிலேயே என் மணம் அதற்குப் பழக வேண்டும். மதுரையிலிருந்து வந்த என் மனைவி கோதை ஒரு நாள் தங்கிவிட்டு, "கன்னு பொறந்ததும் சொல்லுங்க, அப்புறம் வர்றேன்" என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். பிறக்கப்போகும் கன்றுக்கு ஆதிரை என்று பெயர்கூட வைத்திருந்தேன்.

கன்று பிறக்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

லேத் பட்டறைக்கும் டவுன் பஸ்ஸுக்கும் பூஜை போடுகிற ஊரில், தொட்டிக்கு மட்டும் போடாமல் விட யாருக்கு மனம் வரும்? இயக்குநர் வைதேகி மேடமே சாமந்தி மாலை வாங்கி வந்தார். பத்தொன்பது நாள் இருக்கிறதே என்று அன்று ஒரு நாள் நானும் சோப்புப் போட்டுக் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டேன். தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவனும் நானே.

பாவாயி கதவோரம் வந்து நின்றாள். நான்கு நாள் முன்னால் அவளுடைய பெரியப்பா இறந்திருந்தார். நான் விஞ்ஞானி; தீட்டெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் பதினோரு வருட உழைப்பு, எதற்கு வம்பு என்று தோன்றியது.

"பாவாயி, சாவுத் தீட்டு இருக்குல்ல? நீ கொட்டகையிலயே இரு. பொரி அங்க கொடுத்தனுப்புறேன்."

"செரிங்க," என்று போய்விட்டாள்.

சாம்பிராணி போட்டோம். புகை கூடம் முழுக்கச் சுழன்றது. அப்போதுதான் தொட்டி அலறத் தொடங்கியது. கூடத்தில் புகை வந்தால் அது தீ விபத்து; உடனே கன்றை வெளியே தள்ளி உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று தொட்டிக்குக் கட்டளை எழுதி வைத்திருந்தோம். எழுதியவன் யார் என்று கேட்காதீர்கள். தொட்டி தன் கடமையைச் செய்தது. மேடம் கையிலிருந்த மணியை ஆட்டுவதை நிறுத்துவதற்குள் கன்று மெத்தையில் வந்து விழுந்தது.

செம்மண் நிறத்தில், ஈரமாக, நீளக் கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தது. ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். அது தும்மியது. என் மேல் சந்தனம், சாம்பிராணி, கற்பூரம், மைசூர் சாண்டல் எல்லாம் மணத்தன. ஐந்து மாதம் சேர்த்த என் சொந்த நாற்றம் மட்டும் இல்லை. கன்று நெற்றி மூக்கை இறுக மூடிக்கொண்டது. மூக்குக்குள் கோழை வேறு அடைத்திருந்தது. நாங்கள் வாங்கி வைத்திருந்த உறிஞ்சு குழாய் எல்லாம் வாய்ப் பக்கம் மூக்கிருக்கும் பிராணிகளுக்கானவை. கன்றின் நாக்கு நீலமாகத் தொடங்கியது.

"அந்தப் பாவாயியக் கூப்பிடுங்க!" என்று மேடம் கத்தினார்.

வந்தாள். யாரையும் கேட்கவில்லை. என் மடியிலிருந்து கன்றை இழுத்துத் தன் மடியில் போட்டாள். நெற்றியில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினாள். இரண்டு முறை. சட்டைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே ஊதினாள். கன்றின் மூக்கு திறந்தது. சாணமும் பாலும் வியர்வையும் கலந்த அந்தச் சட்டையை அது நீளமாக இழுத்து முகர்ந்தது. அவ்வளவுதான். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

"செவலையா இருக்குதுங்க," என்றாள் சந்தோஷமாக. அன்றிலிருந்து அதன் பெயர் செவலை. ஆதிரை என்ற பெயர் என் கோப்பில் மட்டும் இருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள்கூடச் செவலை என்றார்கள். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் உயிருக்குக் காங்கேயம் சந்தையில் நாற்பது மாட்டுக்கு இருக்கிற பெயர்.

அதன் பிறகு அவள் இல்லாமல் செவலை ஒரு வாய் பால் குடிக்காது. தீபாவளிக்கு இரண்டு நாள் அவள் மகளைப் பார்க்கப் போனாள். செவலை கழுத்தைத் தரையில் போட்டுப் படுத்துவிட்டது. எட்டுக் கிலோ குறைந்தது. அதோடு அவளுக்கு விடுப்பு நின்றது. நிலையத்திலேயே ஒரு வீடு கொடுத்தோம். ஆறு வயது மகள் தாரணி வெள்ளகோவிலில் அத்தை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அத்தை கூட்டி வருவாள்.

நான் தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குறிப்பெடுப்பேன். அவள் நடந்தால் அது நடக்கும். அவள் உட்கார்ந்தால் அவள் தோளில் கழுத்தைச் சாய்க்கும். நான் கிட்டே போனால் நெற்றி மூக்கை மூடிக்கொள்ளும். அப்படி மூடும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் எப்படி வெறுத்தேன் தெரியுமா? கண்ணில் கொள்ளி வைத்த மாதிரி இருக்கும். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கன்று பட்டினி கிடக்குமே என்ற கவலை இரண்டாவதாகத்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவாயி இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு மகளை மடியில் வைத்துச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்குள்ளிருந்து செவலை கூப்பிட்டது. சீழ்க்கை மாதிரி மெலிசான குரல். பாவாயியின் கை அந்தரத்தில் நின்றது.

"போ," என்றாள் தாரணி. "உம்மேல அதோட நாத்தம்தான் அடிக்குது. நீ அதுக்கே அம்மாவா இருந்துக்க."

பாவாயி எழுந்து போனாள். போகாமல் என்ன செய்வாள்? குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு வேலியைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவளும் நானும் ஒரே கட்சி. அப்போது எனக்குப் பரிதாபம் வரவில்லை. நம் பக்கம் ஓர் ஆள் சேர்ந்த திருப்திதான் வந்தது.

பங்குனி மாதம் கொட்டகையில் மயிலை என்ற சாம்பல் நிறப் பசுவின் கன்று செத்துப்போனது. இரண்டு நாள் கழித்துப் போனேன். செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, நான்கு குச்சிகளைக் காலாக ஊன்றி மயிலையின் முன்னால் நிறுத்தியிருந்தாள் பாவாயி. மயிலை அதை நக்கு நக்கென்று நக்கியது. மடி சுரந்தது. பாவாயி கீழே உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள்.

"எவ்வளவு முட்டாள் மாடு!" என்றேன். "குச்சிக் காலு, உள்ள வைக்கோலு. அதைப் போய்க் கன்னுன்னு நம்புதே."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "நம்புதுன்னு நாமதானுங்க நம்பறோம்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மூளை வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. தோல் போதும். மணம் போதும். உள்ளே எது இருந்தால் என்ன?

பாவாயி தினமும் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவாள். போகும்போது வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி வேலியோர நிழலில் இருந்த கொடியில் போட்டுவிட்டுப் போவாள். மறுநாள் மதியம் நான் அந்தச் சட்டையை எடுத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டேன். தொப்பை மேல் பட்டன் சேரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவன், அடுத்தவள் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு முள்ளுக்குள் குனிந்து போனேன்.

வெள்வேல மர நிழலில் செவலை நின்றது. கழுத்தை உயர்த்தியது. நெற்றி மூக்கு மூடவில்லை. மெதுவாகக் கிட்டே வந்து என் கழுத்தில், காலரில், கக்கத்தில் முகர்ந்தது. மூச்சு சுடச்சுட இருந்தது. புட்டியை நீட்டினேன். இரண்டு லிட்டர் குடித்துவிட்டு என் தோளில் கழுத்தைச் சாய்த்தது. நான் அழுதேன். சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

"ஆதிரை," என்று கூப்பிட்டேன். காது அசையவில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. தினம் ஒரு மணி நேரம். சட்டையை எடுத்த மாதிரியே கொடியில் போட்டுவிடுவேன். பதினைந்தாம் நாளோ என்னவோ, பட்டன் சுலபமாகச் சேர்ந்தது. வெயிலில் நடந்து நடந்து இளைத்துவிட்டேன் என்று கோதையிடம் போனில் பெருமையடித்தேன். என்னை மிஞ்சிய கெட்டிக்காரன் உண்டா என்ற மிதப்பில் இருந்தேன்.

ஆனி பிறக்கும்போது பாவாயி மேடத்தின் அறைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"புள்ளைய ரெண்டாவது சேர்க்கோணுங்க மேடம். கூட இருந்து பார்த்துக்கோணும். நான் போறனுங்க."

"நீ போனா கன்னு செத்துடும் பாவாயி. உனக்கே தெரியும்."

"சாகாதுங்க. டாக்டருகிட்ட ரெண்டு மாசமாப் பால் குடிக்குதுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உண்மையா? என்கிட்ட சொல்லவே இல்லையே? இப்பவே எனக்குச் செஞ்சு காட்டுங்க."

மேடம், நான், இரண்டு உதவியாளர்கள், பாவாயி எல்லாரும் வேலி வரைக்கும் போனோம். அங்கே பாவாயி சேலைக்கு மேலிருந்த சட்டையைக் கழற்றி, எல்லார் முன்னாலும் என்னிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க. வெக்கப்படாதீங்க. பட்டனக்கூட நகத்தித் தெச்சிருக்கறனுங்க."

பூமி பிளக்கக் கூடாதா என்று இருந்தது. போட்டுக்கொண்டேன். பட்டன் கச்சிதமாகச் சேர்ந்தது. உள்ளே போனேன். செவலை வந்தது, குடித்தது, தோளில் சாய்ந்தது. உதவியாளர்கள் கை தட்டினார்கள். மேடம் தட்டவில்லை.

திரும்பி வந்ததும் அவளைத் தனியே பிடித்துக் கேட்டேன். "தெரிஞ்சேதான் தினம் கொடியில போட்டியா?"

"பின்னென்னங்க? வேர்த்த துணிய நெழல்ல ஆருங்க காயப்போடுவாங்க?" என்றாள். "சட்டைய வெச்சுக்குங்க. தொவைக்க மட்டும் தொவைச்சுப்போடாதீங்க."

அன்று மாலையே போனாள். செவலையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. "இது மேகாத்து அடிக்கற மாசமுங்க. நான் கெழக்க போனா எம்மணம் அதுக்கு எட்டாது," என்று சொல்லிவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளகோவில் ரோட்டில் நடந்தாள். மேற்கிலிருந்து அடித்த காற்று அவள் சேலையை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒழிந்தாள் என்றுதான் நினைத்தேன்.

நான்கு மாதம் செவலை என்னுடையதாக இருந்தது. மூன்று வேளையும் அந்தச் சட்டை. மற்ற நேரம் பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிந்து அலமாரியில் வைப்பேன். வாசனைக்கு என்ன ஆகும் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்கவும் பழகிக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜை லீவுக்குக் கோதை வந்தாள். அந்த வருடம் நிலையத்தில் சாம்பிராணிக்குத் தடை. மதியப் பாலுக்குப் பின் சட்டையை அலமாரியில் வைத்துவிட்டுப் போய், இரண்டு மணிக்கு வீடு திரும்பியபோது கொல்லைக் கொடியில் கட்டம் போட்ட சட்டை நீர் சொட்டத் தொங்கியது. சோப்புத் தூளும் மல்லிகை வாசனைத் திரவமும் ஊர் முழுக்க மணந்தன.

"என்னடி பண்ணினே?"

"எந்த மகராசி சட்டை அது? பொட்டலம் கட்டி அலமாரியில வெச்சுக் கும்பிடுற அளவுக்கு?" என்றாள் கோதை. முகம் சிவந்திருந்தது. "மூணு தடவை அலசினேன். இன்னும் அலசுவேன்."

விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. சாயங்காலப் பாலுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன். மயிலையின் சாணத்தைச் சட்டையில் தேய்த்தேன். பாலைத் தெளித்தேன். முகர்ந்து பார்த்தால் மல்லிகைதான் வந்தது. ஐந்து மணிக்கு வேறு வழியில்லாமல் பாவாயிக்குப் போன் போட்டேன்.

"சட்டையைத் துவைச்சுட்டாங்க பாவாயி. வாசனை சுத்தமாப் போச்சு. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயேன். கார் அனுப்புறேன். கன்னு செத்துடும்."

"இன்னைக்கா போச்சுதுங்க?" என்றாள்.

"பின்னே?"

"ஏனுங்க, உடுத்துன துணில மணம் எத்தன நாளைக்குங்க நிக்கும்? மிஞ்சிப்போனா ஒரு மாசம். ஆடியிலயே போயிருக்குமுங்க."

"அப்போ இத்தனை மாசம் எப்படிக் குடிச்சுது?"

"மாட்டுக்குத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? வைக்கோலுன்னு தெரிஞ்சேதானுங்க மயிலை நக்குச்சு. மடி கனக்குதில்லீங்களா? போன வெச்சராதீங்க. அந்தச் சட்டையில்லாமப் போங்க."

ஒரு கையில் வாளி, காதில் போன். வேலிப் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். என் சட்டையோடு, என் வியர்வையோடு, பயத்தோடு போனேன். செவலை இப்போது என்னைவிட உயரம். கழுத்தை வளைத்து என் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை முகர்ந்தது. மூக்கை மூடவில்லை. அவசரமும் படவில்லை. வாளிக்குள் வாயை விட்டுக் குடிக்கத் தொடங்கியது.

"குடிக்குது," என்றேன்.

"குடிக்குமுங்க. பசிக்குதில்லீங்களா."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் ஆடியிலிருந்து இது என்னை என்னவென்று நினைத்துக் குடித்தது என்று ஒரு கணம் யோசித்தேன். வைக்கோல் என்றுதான்.

குடித்து முடித்தது. வழக்கம்போல என்னை விட்டு விலகிக் கிழக்கு வேலிக்கு நடந்தது. கிளுவை வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, நெற்றி மூக்கை அகலத் திறந்து, வெள்ளகோவில் பக்கம் பார்த்து நின்றது. பத்து நாளாக இப்படித்தான் நிற்கிறது. 'மாலையில் கிழக்கு வேலி, அரை மணி நேரம், காரணம் தெரியவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

போனில் பாவாயி கேட்டாள். "டாக்டருங்க, காத்து திரும்பிருச்சுங்களே. அங்க கீகாத்து அடிக்குதுங்களா?"

என் முகத்தில் ஈரக் காற்று பட்டது. கிழக்கிலிருந்து.

"அடிக்குது."

"செவலை வேலிப்பக்கம் வந்து நிக்குதுங்களா? என்னையத் தேடுதுங்களா?"

அவளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது. "ஆரும்மா? அந்த மாடா?" தாரணி. இரண்டு பேரும் போனில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எனக்கு அப்போதும் பொறாமைதான். பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறவளுக்காக நீண்ட கழுத்து, பக்கத்தில் வாளியோடு நிற்கிற எனக்காக ஒருநாளும் நீளாது. பாதி அந்த வயிற்றெரிச்சலில் சொன்னேன். மீதிப் பாதி என் கட்சிக்காரி தாரணிக்காகச் சொன்னேன்.

"இல்ல பாவாயி. படுத்து அசை போட்டுக்கிட்டு இருக்கு. உன்னை மறந்துடுச்சு."

மக்ராக்கேனியா அசை போடாது. குதிரைக்குச் சொந்தம். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"செரிங்க," என்றாள். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னது கேட்டது. "தேடலியாமா கண்ணு. மறந்துருச்சாமா."

போன் நின்றது. செவலை இருட்டும் வரைக்கும் அங்கேயே நின்றது. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைய குறிப்பேட்டில் 'பால் ஆறு லிட்டர், உடல்நிலை நலம்' என்று எழுதினேன். கிழக்கு வேலியைப் பற்றி எழுதவில்லை.